மாமா மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பண்ணைக்காடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு வயது 64. பத்து வருடமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது, தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் நிலக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவருக்கு வாந்தி, பேதி. மூன்று நாள் வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லை. வழக்கமான மாத்திரைகளை மட்டும் விடாமல் போட்டார். உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் சிறுநீர் நின்றேபோனது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிரியாட்டினின் 6.2 என்றார்கள். மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஒன்பது நாளில் 2.3க்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் பன்னிரண்டாம் நாள் ராத்திரி படுக்கவே முடியாமல் மூச்சு முட்டிவிட்டது. பனிமூட்டத்தில் வண்டி பிடித்து மலையிறங்கி அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் நீர், பொட்டாசியம் 6.3 என்றார்கள். நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கடைசி கிரியாட்டினின் 1.8. இப்போது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறார். முந்தாநாள் விடியற்காலையில் மட்டும் வேர்த்துக் கொட்டி ஏதோ உளறினார், கருப்பட்டிக் காப்பி கொடுத்ததும் சரியாகிவிட்டது.

முதல் தடவை சரியாகக் குணப்படுத்தாமல் அனுப்பிவிட்டார்களா? கிட்னி போய்விட்டதா? கிட்னிக்கு நல்லது என்று நான்தான் நிறையத் தண்ணீரும் தினம் இளநீரும் கொடுத்தேன். 'எல்லாம் உன்னால்தான்' என்று வீட்டில் சொல்கிறார்கள். இன்னொரு தடவை மலையிறங்கினால் தாங்க மாட்டார் டாக்டர். டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. விடியற்காலையில் வேர்த்துக் கொட்டியது, உளறியது, இனிப்பான காப்பி குடித்ததும் தெளிந்தது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோன அறிகுறிதான். இரண்டாவது சீட்டில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை நிறுத்தப்பட்டிருக்கிறது, சரி. ஆனால் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை பழைய அளவிலேயே தொடர்கிறது. கிட்னி நன்றாக வேலை செய்தபோது அவருக்குப் பொருந்திய அளவு அது. இப்போது கிட்னி மந்தமாக இருப்பதால் அந்த மாத்திரையின் சத்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். உடம்பில் சுரக்கும் இன்சுலினும் மெதுவாகத்தான் கழியும். போதாததற்கு, நோய்க்குப் பிறகு அவர் முன்போல் சாப்பிடாமலும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து ராத்திரியில் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். மாமா மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனால், அது கிட்னிக்காக இல்லாமல் இதற்காகவே இருக்கக்கூடும்.

அதனால் இந்தப் பதிலைப் படித்ததும் வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் போனில் பிடித்து, 'விடியற்காலையில் இப்படி ஆனது, கிளிமிபிரைடைக் குறைக்கவா, மாற்றவா?' என்று கேளுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லை என்றால் ஒன்று வாங்கிவிடுங்கள். படுக்கும் முன்பும் விடியற்காலையிலும் சில நாள் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். இந்த வகை மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தால், ஒருமுறை தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம். தெளிந்துவிட்டாரே என்று அன்றைக்கு அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மாமாவுக்கு வந்தது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. நாங்கள் சுருக்கமாக ஏ.கே.ஐ. என்போம். கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே அந்தப் பெயர் வந்துவிடும். 2012இல் வந்த உலக அளவிலான வழிகாட்டி அப்படித்தான் வரையறுக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவ முகாமில் எடுத்தபோது அவருக்கு 1.1 என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. அங்கிருந்து 6.2க்குப் போய், டயாலிசிசும் தேவைப்பட்டது என்றால் இருக்கிற மூன்று நிலைகளில் அதுதான் கடைசி நிலை.

எப்படி வந்தது என்று பார்ப்போம். நம் கிட்னிகள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே போகிறது. மீதி அத்தனையையும் நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இடைவிடாமல் உழைக்கும் அந்தக் குழாய்களுக்கு ரத்த ஓட்டம் குறையவே கூடாது. மூன்று நாள் வாந்தி பேதியில் மாமாவின் உடம்பு வற்றிப்போயிருந்தது. அந்த நேரத்திலும் டெல்மிசார்டானும், சிறுநீரைக் கூட்டி வெளியேற்றும் நீர் மாத்திரையும் சேர்ந்த பிபி மாத்திரை உள்ளே போனது. மேலே வலி மாத்திரை. வற்றிய உடம்பில் இந்த மூன்றும் கூடினால் கிட்னிக்குள் அழுத்தம் அடியோடு விழுந்துவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போது டெல்மிசார்டான் கிட்னிக்குக் காவல்தான். ஒன்றும் குடிக்க முடியாத நாளில் அதே மாத்திரை ஆளையே கவிழ்த்துவிடும்.

அந்த 'செட்' பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே, "செட்டு போட்டீங்களா?" என்றுதான். நாள் முழுக்கச் சரிவில் நின்று காப்பிப் பழம் எடுத்து, ஏணியில் ஏறி மிளகு பறித்து, மூட்டையும் தூக்கினால் முதுகும் முழங்காலும் வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் ஒரு துண்டுப் பேப்பரில் நான்கு மாத்திரை மடித்துத் தருவார்கள். பெயர் எழுதிய அட்டை இருக்காது. பெரும்பாலும் ஒன்று டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக், ஒன்று வயிற்றுக்கு, சில சமயம் ஒரு ஸ்டீராய்டு. இரண்டு வேளையில் வலி பறந்துவிடுவதால் அடுத்த வாரமும் வாங்குகிறார்கள். என்ன தின்றோம் என்று அவர்களுக்கே தெரியாது, என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. மாமா இனி அந்தப் பொட்டலத்தைத் தொடவே கூடாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், எடோரிகாக்சிப் எதுவுமே வேண்டாம், ஊசியாகவும் வேண்டாம். வலித்தால் பாராசிட்டமால் போடலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், 'கிட்னி பாதிச்சு டயாலிசிஸ் செஞ்சவர்' என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். டை ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை சரியாகக் குணப்படுத்தவில்லையா என்று கேட்டீர்கள். சீட்டைப் பார்த்தவரையில், ஆஸ்பத்திரிக்குள் நடந்த வைத்தியம் சரி. அந்த டயாலிசிஸ் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. குறை வைத்தது அனுப்பிய விதத்தில். பிபி மாத்திரை 'நிறுத்தவும்' என்று எழுதியிருக்கிறது. எதுவரை, யாரைக் கேட்டு மறுபடி தொடங்குவது என்று இல்லை. 'நிறைய நீர் அருந்தவும்' என்று ஒரு வரி இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை இரண்டு வாரம் கழித்து என்று இருக்கிறது. டயாலிசிஸ் வரை போய் 2.3இல் வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு வாரத்துக்குள் ரத்தம் பார்த்திருக்க வேண்டும். இதை யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் நானே இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன். மலையிலிருந்து வந்த ஒரு பாட்டி, எலிக்காய்ச்சலில் கிட்னி பாதித்துத் தேறியவர். சிரித்த முகமாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உடம்பு தேற வேண்டும் என்று பேரன்மார் தினம் பழச்சாறாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் கால் இரண்டும் துவண்டுபோய் மலையிறங்கும் வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதுதான் காரணம். பழம் கூடாது என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து, இந்தப் பாதிப்பு வந்த ஒருவரிடமும் அவர் வீட்டாரிடமும் உட்கார்ந்து பேசாமல் நான் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

ஏ.கே.ஐ. வந்து தேறியவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது மற்ற நோயாளிகளைவிட அதிகம். அதிலும் முதல் ஒரு மாதம்தான் மிகவும் மோசம். கிட்னி மறுபடி அடிவாங்கித்தான் வருகிறார்கள் என்றில்லை. உடம்பில் நீர் தேங்கி மூச்சு முட்டி வருவார்கள், பொட்டாசியம் ஏறி வருவார்கள், காய்ச்சலோடு வருவார்கள், சர்க்கரை தாழ்ந்து வருவார்கள். காரணம் இதுதான்: காயம்பட்ட நுண்குழாய்களில் புதுச் செல்கள் முளைத்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கிட்னி சிறுநீரை இறக்கும். ஆனால் உப்பு கூடினால் கூட்டி வெளியேற்றவும், தண்ணீர் குறைந்தால் இறுக்கிப் பிடிக்கவும் அதற்குத் தெரியாது. நாம் தவறாகக் கொடுத்ததைச் சரிசெய்யும் சாமர்த்தியம் இன்னும் அதற்கு வரவில்லை.

கிரியாட்டினின் இறங்கியதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மூன்று வாரம் படுத்துக் கிடந்தவருக்குச் சதை கரைந்திருக்கும். அதனால் கிட்னி தேறிய அளவைவிட நம்பர் நன்றாகத் தெரியும்.

இப்போது உங்கள் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் டிஸ்சார்ஜ் அன்று எடை 58. பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி சேர்த்தபோது 63. பன்னிரண்டு நாளில் யாருக்கும் ஐந்து கிலோ சதை போடாது. அது முழுக்கத் தண்ணீரும் உப்பும்தான், ஏறத்தாழ ஐந்து லிட்டர். முதல் தடவை மாமா நீர் இல்லாமல் போனார், இரண்டாம் தடவை நீர் மிஞ்சிப் போனார். தினம் எடை பார்த்திருந்தால் ஐந்தாம் நாளே தெரிந்திருக்கும். பனிமூட்டத்தில் மலையிறங்க வேண்டி வந்திருக்காது, நீர் மாத்திரையை ஒரு போனிலேயே சரிசெய்திருக்கலாம்.

மிளகும் காப்பியும் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருக்கும்தானே? அதைத் திண்ணையில் சமமான இடத்தில் வைத்து, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காப்பி குடிக்கும் முன், அதே வேட்டியோடு மாமாவை ஏற்றி நிறுத்துங்கள். ஸ்வெட்டரும் கம்பளியும் வேண்டாம், அவையே ஒரு கிலோ காட்டும். ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எடையையும் பிபியையும் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ ஏறினால் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் பேசுங்கள். அதேபோல் மளமளவென்று இறங்கி, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் நீர் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அதற்கும் பேசுங்கள். சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்புகிறது என்றால் நீர் கோத்திருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. நீர் கோத்திருப்பவருக்கு முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக் கணக்கு வைப்பது வழக்கம். ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கழிவறையில் வைத்து ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள். அந்த எண்ணை டாக்டரிடம் சொன்னால் அவர் அளவு சொல்வார். காப்பி, கஞ்சி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். உங்கள் ஊர்க் குளிரில் வேர்வை அதிகம் போகாது, கீழே இருப்பவர்கள் குடிக்கிற அளவு அவருக்குத் தேவையும் இல்லை.

தண்ணீரைவிட உப்புதான் பெரிய எதிரி. உப்பு சேர்ந்தால் தாகம் வரும், குடித்த நீரையும் அதுவே பிடித்து வைக்கும். நாள் முழுவதற்கும் எல்லாம் சேர்த்து ஐந்து கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் நான்கும் அவர் தட்டுக்கு வரவேண்டாம். இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை இல்லை. 'சோடியம் குறைந்தது' என்று பாக்கெட்டில் போட்டு விற்கும் உப்பை மட்டும் வாங்கிவிடவே வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நல்லெண்ணத்தில் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பி, அதனாலேயே படுத்தவர்கள் உண்டு.

பொட்டாசியம் என்று வந்தால் உங்கள் மலையில் விளைவதெல்லாம் சோதனைதான். மலைவாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், உருளைக்கிழங்கு. பட்டர் ஃப்ரூட்டில் 100 கிராமுக்கு 480 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம், வாழையில் 350க்கு மேல். ஒரு டம்ளர் இளநீரில் கிட்டத்தட்ட 600. இவை கெட்ட பண்டங்கள் இல்லை, நல்ல கிட்னிக்கு நல்லவைதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி வாழையை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டு ஒருவரைத் தின்னாதே என்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பொட்டாசியம் 5க்குக் கீழே நிலையாக வரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்புறம் அளவாகச் சேர்க்கலாம். சவ்சவ் உங்களுக்குக் கைகொடுக்கும். பந்தலில் காய்க்கிறது, பொட்டாசியமும் குறைவு. முட்டைகோசும் பரவாயில்லை. உருளைக்கிழங்கு வேண்டும் என்று அடம்பிடித்தால் சிறு துண்டாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் கொடுங்கள். நட்சத்திரப் பழம் மட்டும் எப்போதுமே வேண்டாம். கிட்னி பாதித்தவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம்.

வாழைத்தண்டுச் சாறு, மூக்கிரட்டைக் கஷாயம் என்று உறவினர்கள் சொல்வார்கள். கிட்னிக் கல்லுக்குச் சொன்ன வைத்தியத்தை யோசிக்காமல் கிட்னிக் காயத்துக்குச் செய்வது இது. இரண்டிலுமே பொட்டாசியம் அதிகம். பெயர் தெரியாத பொடி, பற்பம், செந்தூரம் எதுவும் பாதிப்பு வந்து மூன்று மாதம் முடியும்வரை வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்போது இளநீர் விஷயம். நீங்கள் தினம் கொடுத்தது பொட்டாசியத்தை ஏற்றியிருக்கும், நிறையத் தண்ணீர் கொடுத்தது நீரைச் சேர்த்திருக்கும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கையில் இருந்த சீட்டு 'நிறைய நீர் அருந்தவும்' என்று சொன்னது. நீங்கள் அதை அப்படியே செய்தீர்கள். வேளை தவறாமல் ஒரு மனிதரைக் கவனித்ததற்கு உங்களுக்குக் கிடைத்தது பழிச்சொல். இந்தப் பகுதியை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்: தப்பு மருமகள் மேல் இல்லை, சொல்லாமல் விட்ட எங்கள் மேல்தான்.

அடுத்தது மாத்திரை டப்பா. அதை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டுங்கள். பழைய பிபி மாத்திரை, பழைய மெட்ஃபார்மின், பாதி தின்ற செட் எல்லாம் அதில் இருக்கும். 'பிபி ஏறியிருக்கு' என்று யாராவது பழையதை எடுத்துக் கொடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? இப்போதைய சீட்டில் இருப்பதை மட்டும் உள்ளே வையுங்கள். டெல்மிசார்டானை நிரந்தரமாக விட்டுவிட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரில் புரதம் போனால் அதைக் குறைத்துக் கிட்னியைக் காக்கிற மருந்து அது. பொட்டாசியமும் கிரியாட்டினினும் நிலைபட்டதும் டாக்டர் சிறிய அளவில் மறுபடி தொடங்குவார். தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் முப்பது சதவீதம் வரை ஏறினால் பயப்பட வேண்டியதில்லை, அதற்கு மேல் போனால்தான் யோசிப்போம்.

அப்படித் தொடங்கியதும், டெல்மிசார்டான் அட்டையிலும் நீர் மாத்திரை அட்டையிலும் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள். மெட்ஃபார்மினோ, டாபாகிளிஃப்ளோசின் மாதிரி வேறு சர்க்கரை மாத்திரையோ பின்னால் கொடுத்தால் அதிலும் போடுங்கள். வாந்தி, பேதி, சாப்பாடே இறங்காத காய்ச்சல் வந்த அன்று சிவப்புக் குறி போட்டதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்று இரண்டு நாளில் அவர் சொல்லும்போது மறுபடி போடலாம். பேதியான நாளில் 'தண்ணீரைக் குறைக்கச் சொன்னாரே டாக்டர்' என்று தயங்காதீர்கள். போகிற நீருக்கு ஓஆர்எஸ் கொடுத்தே ஆக வேண்டும், ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. இந்த ஏற்பாடு போன மாதமே வீட்டில் இருந்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

காய்ச்சல் என்றதும் ஒன்று. உங்கள் பக்கம் புதர்க்காட்டில் வேலை செய்பவர்களுக்குச் சிறு பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும். அதுவும் கிட்னியைத் தாக்கும். இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு வேட்டிக் கட்டு எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது மாதிரி வலி இல்லாத கருப்புப் பொருக்கு இருந்தால் அதை டாக்டருக்குக் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற எளிய மாத்திரையில் தீர்ந்துவிடும்.

கிட்னி போய்விட்டதா என்ற கேள்விக்கு இன்றைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பாதிப்பு வந்து மூன்று மாதம் முடியும்போது கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் திறன், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்த்தால்தான் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு தழும்பாக நின்றது என்று தெரியும். 6.2இலிருந்து 1.8க்கு வந்திருப்பது நல்ல போக்கு, இன்னும் இறங்க இடம் இருக்கிறது. பழைய 1.1க்கே வராமல் நடுவில் நின்றாலும், பிபியை 130/80க்குள் வைத்துச் சர்க்கரையையும் கவனித்து, வருடக்கணக்கில் டயாலிசிஸ் இல்லாமல் இருப்பவர்கள் என்னிடமே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் மலையிறங்க வேண்டியதில்லை. கிரியாட்டினின், பொட்டாசியத்துக்கு ரத்தம் எடுக்கப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பெண்மணியிடம் பிபி, சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். செலவு கையைக் கடிக்கிறது என்றால், திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் சீட்டுகளோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.

சில சமயம் போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் அரை லிட்டருக்குக் கீழே, கை கால் துவண்டு நெஞ்சு படபடக்கிறது, விடாத விக்கலும் வாந்தியுமாக மயங்கி மயங்கித் தூங்குகிறார், டயாலிசிஸ் குழாய் போட்டிருந்த கழுத்துப் பக்கம் சிவந்து குளிர்காய்ச்சல் அடிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். பகலிலேயே லேசாகத் தோன்றினால் இருட்டும் முன் வத்தலக்குண்டைத் தாண்டிவிடுங்கள். ராத்திரிப் பனியில் அந்தப் பாதை எவ்வளவு நேரம் தின்னும் என்று எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டதால் அடுத்த ரத்தப் பரிசோதனை இப்போதே செய்ய வேண்டியது. திங்கட்கிழமைக்கு மேல் தள்ளாதீர்கள். அந்த ரிசல்ட்டையும், நோட்டில் அதுவரை எழுதிய எடைப் பக்கத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துப் பதில் போடுகிறேன். அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே, அந்தச் சர்க்கரை மாத்திரைக்காக டாக்டரிடம் பேசிவிடுங்கள்.